பதுங்கு குழியில் ஒரு நர்ஸ்

அந்த விமானம் மட்டும் கிளம்பியிருந்தால் அவர் பெயரை உலகம் கேள்விப்பட்டே இருக்காது.

1954, மார்ச் 28. இன்னும் இருட்டு விலகவில்லை. தியன் பியன் ஃபூவில் ஒரு டகோட்டா வந்து இறங்குகிறது. வடமேற்கு வியட்நாமில், லாவோஸ் எல்லையை ஒட்டிய பள்ளத்தாக்கு அது. நடுவே பிரெஞ்சு ராணுவ முகாம். சுற்றிலும் மலை. மலையெல்லாம் ஜெனரல் கியாப்பின் பீரங்கிகள். காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு ஹனாய்க்குப் பறந்துவிட வேண்டும். வழியில் முதலுதவி செய்வது ஜெனிவீவ் த காலாரின் வேலை. விமானப்படை நர்ஸ். வயது 28.

இறங்கும்போதே ஆயில் டேங்கில் ஓட்டை விழுந்துவிட்டது. சரிசெய்வதற்குள் விடிந்துவிட்டது. வெளிச்சம் வந்தால் பீரங்கி சும்மா இருக்குமா? விமானம் காலி. ஓடுபாதையும் போச்சு. முகாம் விழும்வரை காயம்பட்ட ஒருவரைக்கூட அங்கிருந்து விமானத்தில் அனுப்ப முடியவில்லை.

மண்ணுக்கடியில் தோண்டிய குழிதான் ஆஸ்பத்திரி. டாக்டர் போல் க்ரோவான்தான் பொறுப்பு. ஆண்கள் மட்டுமே இருந்த இடத்தில் ஒரு பெண்ணா என்று முதலில் சிலர் முகம் சுளித்தார்கள். சில நாள்தான். அவருடைய அளவுக்கு உடுப்பு ஏது? ராணுவ பேன்ட், டீ ஷர்ட், கேன்வாஸ் ஷூ. கட்டுத்துணி முதல் மருந்துவரை எல்லாமே பாராசூட்டில் வந்தாக வேண்டும். அதில் ஒரு பகுதி எதிரி கையில் விழும். மழை வேறு பிடித்துக்கொண்டது. குழிக்குள் சேறு. காயங்களில் புழு. பயப்படாதே, அழுகிய சதையைத்தான் அது தின்கிறது என்று டாக்டர் சமாதானம் சொன்னார். மருத்துவப்படி அது உண்மையும்கூட. ஆனால் படுத்திருப்பவனை நினைத்துப் பாருங்கள்.

அதைவிடக் கொடுமை, யாரை முதலில் பார்ப்பது என்பது. வயிற்றில் குண்டு பாய்ந்தவனுக்கு ஆபரேஷன் மணிக்கணக்கில் ஆகும். அதற்குள் கை, கால் சிதைந்த நாலு பேரைக் காப்பாற்றிவிடலாம். பி.காம். படித்த எனக்கு லாப நஷ்டக் கணக்கு தெரியும். இந்தக் கணக்கைப் போடச் சொன்னால் பேனா ஓடாது. காத்திருக்க வைக்கப்பட்டவன் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வதும் நர்ஸ் வேலைதான்.

மே 7 அன்று முகாம் விழுந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். அதற்கப்புறமும் ஜெனிவீவ் நோயாளிகளைக் கவனித்தார். அந்த மாதமே விடுதலை. ஜூலையில் நியூயார்க்கின் பிராட்வேயில் ஊர்வலம், ஜனாதிபதி ஐசன்ஹோவர் கையால் பதக்கம். கடமையைத்தான் செய்தேன் என்று கூச்சப்பட்டார் அவர். 2024 மே மாதம், 99 வயதில் காலமானார்.

தியன் பியன் ஃபூவின் ஒரே பெண் என்று அன்றைய பத்திரிகைகள் எழுதித் தள்ளின. அது பொய். வீரர்களுக்காக ராணுவமே அங்கே ஒரு விபசார விடுதி வைத்திருந்தது. அல்ஜீரியப் பெண்கள், வியட்நாமியப் பெண்கள். குண்டு விழ ஆரம்பித்ததும் இவர்களும் நர்ஸ்களானார்கள். பயிற்சி கிடையாது. தண்ணீர் கொடுத்தார்கள், சாகிறவர்களுக்குத் துணையாக இருந்தார்கள். பிராட்வே ஊர்வலத்தில் இவர்களில் ஒருத்திகூட இல்லை.