யவன ஜாடியும் ஆட்டுக்கறியும்

சங்கரன்கோவில் என்றால் சிலருக்கு ஆடித்தபசு ஞாபகம் வரும். சிலருக்கு மட்டன் பிரியாணி! போன முறை ஊருக்குப் போயிருந்தபோது, கப்பலில் வேலை பார்க்கும் மச்சான் பிரியாணிப் பொட்டலத்தோடு ஒரு பாட்டிலையும் எடுத்து வைத்தார். இத்தாலி ரெட் ஒயின்.

"ரசாயன உரம் போடாத திராட்சை மாப்ளே. ஓக் மரப் பீப்பாயில ஊறவே இல்ல. ஆட்டுக்கறிக்கு இதான் தோது. இப்ப இதுதான் புது ஃபேஷன்" என்றார்.

புது ஃபேஷனா? இதே இத்தாலி சரக்கு, பீப்பாய் வாசனையே படாமல், சுமார் 2,000 வருடங்களுக்கு முன்பே தமிழகத்துக்கு வந்து இறங்கியிருக்கிறது!

புறநானூற்றில் 56-வது பாட்டு. பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துகிறார். எப்படி? யவனர்கள் கொண்டுவந்த குளிர்ந்த, மணக்கும் மதுவை, வளையணிந்த பெண்கள் பொற்கிண்ணத்தில் தர, தினமும் குடித்து இனிதாக வாழ்க என்று!

புலவரின் கற்பனை என்று ஒதுக்க முடியாது. 1945-ல் மார்டிமர் வீலர் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டைத் தோண்டியபோது, 'ஆம்போரா' எனும் இரண்டு காது வைத்த மண் ஜாடிகளின் துண்டுகள் கிடைத்தன. சில இத்தாலியிலிருந்து வந்தவை. வைகை கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், பாண்டியர் துறைமுகமான அழகன்குளத்திலும் ஆம்போரா ஓடுகள் அகப்பட்டன.

மரப்பீப்பாய் அன்று வடக்கே இருந்த கால் இனத்தவர் வழக்கம். ரோமானியர்களுக்கு மண் ஜாடிதான். ஒன்றில் ஏறக்குறைய 26 லிட்டர் பிடிக்கும். கசியாமல் இருக்க உள்ளே பைன் மரப் பிசின் பூசுவார்கள். மரத்தின் ருசி இருக்காது. பிசின் வாசனை இருந்திருக்கும்!

தொட்டுக்கொள்ள? நக்கீரர் சொல்லவில்லை. ஆனால் பொருநராற்றுப்படையைப் புரட்டினால் கரிகாலன் விருந்து தெரியும். வேகவைத்த செம்மறித் தொடை, கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சி, கூடவே மது. ராப்பகலாகத் தின்றதில், உழுத கொழு மாதிரி பல் மழுங்கிப் போனதாம்!

அந்தக் கறியில் மிளகாய் கிடையாது. அது போர்ச்சுகீசியர் வந்த பிறகு நுழைந்தது. அன்று காரம் என்றால் மிளகுதான். அந்த மிளகைத் தேடித்தான் யவனக் கப்பல்களே வந்தன. இந்தியா வருடத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் காசை உறிஞ்சிவிடுகிறது என்று ரோமில் பிளினி புலம்பினார்.

ஊரெல்லாம் ஒயின் ஓடியது என்று நினைத்துவிடாதீர்கள். முதல் நூற்றாண்டு கிரேக்கக் கடல்வழி நூலான 'பெரிப்ளஸ்', முசிறிக்கும் பாண்டியரின் நெல்கிந்தாவுக்கும் வரும் சரக்குகளில் மதுவைச் சேர்த்துவிட்டு, 'அதிகமில்லை' என்கிறது. கொஞ்சம் என்றால் யாருக்குப் போயிருக்கும்? அரண்மனைக்குத்தான். மிளகு பறித்தவனுக்குக் கள்.

அரசனுக்கு மட்டும் என்ன மிஞ்சியது? 'இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறன்' என்று, இறந்த இடத்தைச் சேர்த்துத்தான் இன்று அவன் பெயரைச் சொல்கிறோம். பொற்கிண்ணம் போன இடம் தெரியவில்லை. மண் ஓடு மட்டும் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மச்சான் சொன்னார்: "அப்ப நம்ம மிளகு போடாம அவங்க ஜாடி இங்க வந்திருக்காதுன்னு சொல்லுங்க!"

அதேதான் மச்சான்!