குளிர்காலச் சாலையில் மாதர் உடை

மேனாட்டு மாதர் சைக்கிள் ஏறிய வரலாறு பலரும் அறிந்ததே. அவர்கள் எதனை உடுத்தி ஏறினர், குளிரில் அவ்வுடை எவ்வாறு உதவிற்று என்பவை அத்துணை அறியப்பட்டவை அல்ல.

1885-இல் கவென்ட்ரி நகரத்து ஜான் கெம்ப் ஸ்டார்லி, இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஒத்த அளவினவாய் அமைந்த ‘ரோவர்’ வண்டியை வெளியிட்டார். 1888-இல் டன்லப் என்பார் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். இவற்றின் பின்னரே இங்கிலாந்தில் பெண்கள் பெருந்தொகையினராய்ச் சாலைக்கு வந்தனர். அவர்தம் நீண்ட பாவாடைக்கு இடம்விட வேண்டி வண்டியின் மேற்கம்பி தாழ்த்தப்பெற்றது. துணி சிக்காதபடி பின்சக்கரத்துக்குக் கயிற்றுவலையும், சங்கிலிக்கு உறையும் இடப்பட்டன. உடையை மாற்றத் துணியாத சமுதாயம் வண்டியை மாற்றியது எனலாம்.

இங்கிலாந்தின் குளிர் ஈரக் குளிர். கேமரன் மலையின் விடியற்காலையை மட்டும் அறிந்தோர்க்கு அது எளிதில் விளங்காது. சைக்கிள் ஓட்டுவோர்க்கு அதில் இரட்டைத் துன்பம் உண்டு. மேட்டில் ஏறும்போது உடல் வியர்க்கிறது. பள்ளத்தில் இறங்கும்போது எதிர்காற்று அவ்வியர்வையைக் குளிரச் செய்கிறது. பருத்தித் துணி நனைந்தால் தோலோடு ஒட்டி, உடலின் வெப்பத்தைக் கவர்ந்துவிடும். கம்பளியோ தன் எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ஈரத்தை வாங்கிய பின்னும், தன் சுருண்ட இழைகளிடையே காற்றைத் தேக்கி வெப்பத்தைக் காக்கும்.

ஜெர்மானிய விலங்கியல் அறிஞர் குஸ்டாவ் யேகர், உடலை ஒட்டி அணிவன யாவும் விலங்கின் மயிரால் ஆனவையாகவே இருத்தல் வேண்டும் என்றும், தாவர நார் நலத்துக்குக் கேடு என்றும் போதித்தார். அவர் கொள்கையைப் பின்பற்றி 1884-இல் லண்டனில் ஒரு கடை திறக்கப்பட்டது. நாடக ஆசிரியர் பெர்னார்ட் ஷா அக்கம்பளி உடையை விரும்பி அணிந்தவர். தாவர நார் தீங்கு செய்யும் என்ற யேகரின் கருத்து பிழையே. எனினும் பனிக்காலத்தில் வண்டியோட்டுவோர்க்கு அவர் கூறிய உடை மெய்யாகவே பயன்பட்டது.

ஈண்டு உருவத்தாற் சிறிய பெண்ணின் நிலையைத் தனியே எண்ணுதல் வேண்டும். சிறு குவளைத் தேநீர் பெருங்குடத்து நீரினும் விரைவில் ஆறுவதுபோல, சிற்றுடல் தன் எடையை நோக்க மிகுந்த மேற்பரப்பு உடையதாகலின், வெப்பத்தை விரைந்து இழக்கிறது. ஆகவே அவளுக்குக் காப்பு மிகுதியும் தேவை. ஆயின் சுமக்கும் ஆற்றலோ குறைவு. கனத்த துணிகளை அடுக்கினால் களைப்பு, களைந்தால் குளிர். பெரிய சட்டையைக் கையைச் சுருட்டி அணிந்தாலோ, கழுத்திலும் மணிக்கட்டிலும் காற்றுப் புகுந்துவிடும்.

உடைச் சுமையை எதிர்த்து முதற்குரல் எழுப்பியவருள் ஹார்பர்டன் சீமாட்டி ஒருவர். 1881-இல் தோன்றிய ‘அறிவுசார் உடைக் கழகம்’ அவர்தம் முயற்சியால் வளர்ந்தது. காலணி நீங்கலாக உள்ளாடைகளின் எடை 7 ராத்தலுக்கு மேற்படலாகாது என்பது அக்கழகத்தின் விதி. ஏறத்தாழ 3 கிலோ! சீர்திருத்தக்காரரே இவ்வளவை ஒப்பினர் என்றால், மற்றையோர் சுமந்தது எவ்வளவோ? நெட்டைக்கும் குட்டைக்கும் ஒரே வரம்பு வைத்தது பொருத்தமாகத் தோன்றவில்லை.

1898 அக்டோபர் 27 அன்று, ஐம்பது வயதைக் கடந்திருந்த அச்சீமாட்டி, முழங்காலளவுக் காற்சட்டையும் மேலங்கியும் அணிந்து, சர்ரே மாவட்டத்து ஒக்கம் என்னும் ஊருக்கு வண்டியோட்டி வந்தார். அங்குள்ள ‘ஹோபாய்’ விடுதியில் உணவு கேட்டார். அவ்வுடையோடு உணவறைக்குள் வரலாகாது என்றார் விடுதித் தலைவி. மதுக்கூடத்தை ஒட்டிய அறையில் அமரலாம் என்றார். ஆடவர் புகைபிடிக்கும் அவ்விடத்தில் உண்ண மனமின்றிச் சீமாட்டி திரும்பினார். சைக்கிள் பயணிகள் கழகம் வழக்குத் தொடுத்தது. 1899 ஏப்ரலில் கிங்ஸ்டன் நீதிமன்றத்தில், வேறோர் அறையில் உணவளிக்க முன்வந்தமையால் விடுதியார் குற்றவாளி அல்லர் என்று தீர்ப்பாயிற்று. நெடுந்தொலைவு ஓட்டிக் களைத்த பெண்ணொருத்திக்கு நெருப்பருகே ஓர் இருக்கை கிடைப்பதும் கிடையாததும் விடுதியாரின் விருப்பைப் பொறுத்தது என்பதே அதன் நடைமுறைப் பொருள்.

இவ்விடர்ப்பாட்டை முன்னரே உணர்ந்தவர் தையற்காரர்கள். லண்டன் பிரிக்ஸ்டன் பகுதியைச் சேர்ந்த ஆலிஸ் பைகிரேவ் என்ற தையற்கலைப் பெண்மணி, 1895-இல் ஒரு பாவாடைக்குக் காப்புரிமை பெற்றார். முன்னும் பின்னும் தையலுக்குள் மறைந்த கயிற்றை இழுத்தால் அது மேலே எழும். விட்டால் கணுக்கால் வரை இறங்கும். ஊருக்கு வெளியே வண்டியோட்ட உதவும். விடுதி வாயிலில் ஒருவரும் குறை கூறார். யேகரின் பெயர் தாங்கிய நிறுவனமே அதனைச் செய்து விற்றது. இத்தகைய பாவாடையின் கீழ்க் கம்பளிக் காற்சட்டையும், கெண்டைக்கால் உறையும் அணிந்துகொள்ள இடமிருந்தது. வேறு சிலர் காற்சட்டையோடு ஓட்டிச் சென்று, ஊர் நெருங்கியதும் உடன் கொண்டுவந்த பாவாடையைச் சுற்றிக்கொண்டனர்.

தையற்காரரிடம் தைத்த அந்நாளைய பெண்ணுக்குத் தோள், கை, இடுப்பு ஆகியவற்றின் அளவு அவள் மேனியிலேயே எடுக்கப்பட்டது. குட்டையானவளுக்குக் குட்டையான கை, அவ்வளவே. பின்னாளில் உடைபற்றிய தடை நீங்கிக் காற்சட்டை பொதுவழக்காயிற்று. ஆயத்த உடை பெருகியபோது அளவெடுக்கும் வழக்கம் அருகிற்று. ஆடவர்க்கு வெட்டிய வடிவைச் சிறிதாக்கிப் பெண்ணுடை எனக் கொடுப்பதும் நிகழ்ந்தது. இன்று குளிர்நாட்டில் உருவிற் சிறிய பெண் சைக்கிள் அங்கி வாங்கும்போது, நின்றவாறு அணிந்து பார்த்தல் போதாது. கைப்பிடியைப் பற்றுவதுபோற் குனிந்து, கையை நீட்டி, முதுகு மூடியிருக்கின்றதா, மணிக்கட்டு வெளிப்படுகின்றதா என நோக்க வேண்டும். உள்ளே மெல்லிய கம்பளி, வெளியே காற்றைத் தடுக்கும் அங்கி என இரண்டு மூன்று அடுக்குகள் போதும். நீண்ட கையை வெட்டித் தைக்க நேர்ந்தால், காற்றுப் புகாதபடி மணிக்கட்டுப் பட்டியை மீண்டும் பொருத்தத் தெரிந்த தையற்காரரிடமே கொடுத்தல் நலம்.