செல்லேடு கோப்பாக மாறிய கதை

சிறு தொழில் செய்பவர்கள் பலர் இன்று கணக்கு எழுதும் விதம் ஏறக்குறைய இப்படித்தான். மாதக் கடைசியில் வங்கியின் இணையதளத்துக்குள் போய் அந்த மாதத்துப் பரிவர்த்தனைகளை ஒரு கோப்பாக இறக்கிக்கொள்கிறார்கள். அதைக் கணக்கு மென்பொருளுக்குள் ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு வரியும் வாடகையா, சரக்கா, சம்பளமா என்று தேர்ந்தெடுக்கிறார்கள். கணக்கு முடிந்தது. நாள் கணக்கில் இழுத்த வேலை அரை மணியில் தீர்ந்துவிடுகிறது. நல்லதுதானே?

நல்லதுதான். ஆனா இந்தக் கோப்பு வடிவங்களின் பழைய விவரக்குறிப்புகளைச் சில வாரங்களாகப் படித்துக்கொண்டிருந்ததில் ஒரு கேள்வி கூடவே வந்துகொண்டிருந்தது. இப்படி எழுதப்படும் கணக்கு யாருடைய கணக்கு? வியாபாரியுடையதா, வங்கியுடையதா? அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு இதன் வரலாற்றைக் கொஞ்சம் பார்க்கலாம்.

இரண்டு புத்தகம் எதற்கு?

1494-ல் லூகா பச்சோலி வெனிஸ் நகரில் அச்சிட்ட கணித நூலில் கணக்குப் பதிவு பற்றி ஒரு பகுதி உண்டு. இரட்டைப் பதிவு முறையைப் பற்றி அச்சில் வந்த முதல் விரிவான விளக்கம் அது. அதில் சரிபார்ப்புக்கு அவர் சொல்லும் வழி ரொம்ப எளிமையானது. ஒருவர் கையில் குறிப்பேடு, இன்னொருவர் கையில் பேரேடு. ஒருவர் வாசிக்க வாசிக்க மற்றவர் தேட வேண்டும். இரண்டிலும் ஒத்துப்போனால் புள்ளி வைக்க வேண்டும். புள்ளி விழாத வரி எதுவோ அதில்தான் தப்பு.

வங்கி என்று வந்தபோது இதே வேலை இரண்டு நிறுவனங்களுக்கு இடையே நடந்தது. வியாபாரியிடம் ரொக்க ஏடு, வங்கியிடம் செல்லேடு, அதாவது நம்ம பாஸ்புக். ப்ளஸ் ஒன்னில் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு ‘வங்கிச் சரிக்கட்டும் பட்டியல்’ ஞாபகம் இருக்கும். உங்கள் ஏட்டில் பற்று என்றால் அவர்கள் ஏட்டில் வரவு. படிக்கிற காலத்தில் தலை சுற்ற வைக்கிற விஷயம். ஆனால் அதன் அர்த்தம் இதுதான்: இரண்டும் வெவ்வேறு ஆள், வெவ்வேறு இடத்தில் உட்கார்ந்து எழுதிய கணக்கு.

அதனால் என்ன பயன்? ஒரு அச்சகம் வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 28 அன்று காகிதக் கடைக்காரருக்கு ₹12,000-க்குக் காசோலை கொடுக்கிறீர்கள். அவர் அதை இன்னும் வங்கியில் போடவில்லை. மார்ச் 31 அன்று வங்கி சொல்லும் மீதி ₹40,000. உங்கள் ஏடு சொல்லும் மீதி ₹28,000. செலவழிக்கக்கூடிய பணம் எவ்வளவு என்று கேட்டால் உங்கள் ஏடுதான் சரியான பதில் சொல்லும். வங்கிக்கு அந்தக் காசோலை இருப்பதே தெரியாது.

இன்னொன்று. நீங்கள் ₹3,500 என்று எழுதிக் கொடுத்த காசோலைக்கு வங்கி ₹8,500 கழித்துவிட்டது. யாரோ எண்ணைத் திருத்தியிருக்கலாம், யாரோ தப்பாகத் தட்டியிருக்கலாம். உங்கள் ஏட்டில் 3,500 என்று இருப்பதால்தான் சிக்கல் வெளியே வரும். இரண்டு சாட்சி இருந்தால்தானே குறுக்கு விசாரணை செய்ய முடியும்.

திரைக்கு வந்த செக் புத்தகம்

1983-ல் ஸ்காட் குக்கும் டாம் ப்ரூலும் கலிஃபோர்னியாவில் இன்ட்யூட் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்களுடைய குவிக்கன் மென்பொருள் வீட்டுக் கணக்குக்காக வந்தது. திரையில் தெரிந்தது ஒரு செக் புத்தகம். அதில் தட்டி எழுத வேண்டும். மாதம் ஒருமுறை வங்கியிலிருந்து தபாலில் காகித அறிக்கை வரும். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வித்தியாசம் பூஜ்யம் ஆகும்வரை வரி வரியாக டிக் அடிக்க வேண்டும். கம்ப்யூட்டர் வந்தாலும் பச்சோலியின் புள்ளி அப்படியே இருந்தது.

வீட்டுக்கென்று செய்த அந்த மென்பொருளைக் கடைக்காரர்களும் சிறு தொழில் செய்பவர்களும் கணிசமாகப் பயன்படுத்துகிறார்கள் என்பது இன்ட்யூட்டுக்குப் பிறகுதான் புரிந்தது. பற்று, வரவு என்ற பேச்சே அவர்களுக்கு ஆகவில்லை. அவர்களுக்காக 1992-ல் வந்ததுதான் குவிக்புக்ஸ்.

குவிக்கனிலிருந்து கணக்கை வெளியே எடுக்கவும் உள்ளே கொண்டுவரவும் க்யூஐஎஃப் என்றொரு கோப்பு வடிவம் இருந்தது. வெறும் எழுத்துக் கோப்பு. ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தும் அது தேதியா, தொகையா, பெயரா என்று சொல்லும். ஒரு பரிவர்த்தனை முடிந்தால் ^ என்று ஒரு குறி. யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். வங்கிகள் தங்கள் தளத்திலிருந்து பரிவர்த்தனைகளை இறக்கித்தர ஆரம்பித்தபோது இதையே எடுத்துக்கொண்டன.

அங்கேதான் பிரச்சினையும் ஆரம்பித்தது. க்யூஐஎஃப்பில் ஒரு பரிவர்த்தனைக்கென்று தனி அடையாள எண் கிடையாது. ஜனவரி 1 முதல் 31 வரை ஒரு கோப்பு, ஜனவரி 25 முதல் பிப்ரவரி 10 வரை இன்னொரு கோப்பு என்று இறக்கினால், நடுவில் வரும் ஏழு நாள் இரண்டிலும் இருக்கும். ஒரே நாளில் ஒரே கடையில் 500 ரூபாய்க்கு இரண்டு வரி வந்தால் அது ஒரே செலவு இரண்டு முறை வந்ததா, உண்மையிலேயே இரண்டு செலவா? கோப்பை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது. தேதியும் அப்படித்தான். 03/04/98 என்பது அமெரிக்காவில் மார்ச் 4, நமக்கு ஏப்ரல் 3. எது என்று கோப்பு சொல்லாது.

சண்டைக்காரர்கள் சேர்ந்து எழுதிய வடிவம்

அப்போது குவிக்கனுக்குப் போட்டியாக மைக்ரோசாஃப்ட் ‘மணி’ என்ற மென்பொருளை விற்றுக்கொண்டிருந்தது. ஜெயிக்க முடியாமல் 1994-ல் இன்ட்யூட்டையே வாங்கிவிட முயன்றது. 1995 ஏப்ரலில் அமெரிக்க நீதித்துறை வழக்குப் போட்டது, மே மாதத்தில் மைக்ரோசாஃப்ட் பின்வாங்கியது. தங்களுக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவில் மென்பொருள் கம்பெனி வந்து உட்கார்ந்துவிடுமோ என்ற பயம் வங்கிகளுக்கும் இருந்தது. 1996-ல் ஐபிஎம்மும் பெரிய வங்கிகள் சிலவும் சேர்ந்து இன்டெக்ரியான் என்று ஒரு கூட்டு நிறுவனம் தொடங்கியதற்கு அந்தப் பயமும் ஒரு காரணம்.

இந்தப் பின்னணியில்தான் 1997 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட், இன்ட்யூட், செக்ஃப்ரீ ஆகிய மூன்றும் சேர்ந்து ஓஎஃப்எக்ஸ் என்ற பொது வடிவத்தை அறிவித்தன. இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒரு சின்னப் புலம்: எஃப்ஐடிஐடி. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் வங்கி தரும் தனி எண். அந்தக் கணக்குக்குள் அது வேறெந்த வரிக்கும் வரக்கூடாது. மென்பொருள் ஏற்கெனவே பார்த்த எண் என்றால் அந்த வரியைத் தள்ளிவிடும். இரட்டிப்புச் சிக்கல் ஒரே புலத்தில் தீர்ந்தது.

தீர்ந்தது என்றால், வங்கி ஒழுங்காக எண் கொடுத்தால். இறக்கும்போதெல்லாம் புதுப்புது எண் போட்டுத்தரும் வங்கியிடம் மாட்டினால் பழைய கதைதான்.

அப்புறம் வியாபாரம் உள்ளே நுழைந்தது. இன்ட்யூட் ஓஎஃப்எக்ஸை லேசாக மாற்றி க்யூஎஃப்எக்ஸ் ஆக்கியது. உரிமக் கட்டணம் கட்டிய வங்கியின் கோப்பை மட்டும்தான் குவிக்கன் ஏற்றுக்கொள்ளும். குவிக்கன் 2005 பதிப்பில் வங்கிக் கணக்குகளுக்கு க்யூஐஎஃப் ஏற்றும் வசதியும் நிறுத்தப்பட்டது. அந்த வடிவத்தில் உண்மையிலேயே குறை இருந்தது. கூடவே, திறந்து கிடந்த ஒரு வாசலும் மூடியது.

மீதி என்கிற பூட்டு

பெரிய நிறுவனங்களின் உலகத்தில் இதற்கு இணையாக வேறொரு மரபு இருந்தது. ஸ்விஃப்ட் அமைப்பின் எம்டி940 என்ற வங்கி அறிக்கை வடிவம். பார்க்க அழகாகவே இருக்காது. ஆனால் அதில் ஆரம்ப மீதியும் இறுதி மீதியும் கட்டாயம் இருக்கும். நடுவில் ஒரு வரி விடுபட்டாலும் கூட்டல் கழித்தல் ஒத்துவராது. இன்றைய அறிக்கையின் ஆரம்ப மீதி நேற்றைய இறுதி மீதியோடு பொருந்த வேண்டும். கோப்பே தன்னைத்தானே காவல் காக்கிறது.

நம் ஊர் வங்கிகள் தரும் எக்செல், சிஎஸ்வி அறிக்கைகளில் பெரும்பாலும் ஒவ்வொரு வரிக்கும் எதிரே மீதி இருக்கிறது. அதே பூட்டுதான் இதுவும். ஆனால் கணக்கு மென்பொருளில் ஏற்றும்போது தேதி, விவரம், தொகை என்று மூன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு மீதிப் பத்தியை விட்டுவிடுவார்கள். விட வேண்டாம். ஏற்றி முடித்ததும் மென்பொருள் காட்டும் மீதியையும் கோப்பின் கடைசி வரியில் இருக்கும் மீதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அரை நிமிட வேலை.

சேர்ப்பதா, பொருத்துவதா?

இனி முதல் கேள்விக்கு வருகிறேன். கோப்பை ஏற்றும்போது ஒவ்வொரு வரிக்கும் மென்பொருள் இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும். புதிய பதிவாகச் சேர்க்கலாம். அல்லது நீங்கள் முன்பே எழுதிவைத்த பதிவோடு பொருத்தலாம். க்னூகேஷ் இதை வரி வரியாகக் கேட்கிறது. 2006-ல் நியூசிலாந்தில் தொடங்கிய ஸீரோ, இடப்பக்கம் வங்கியின் வரி, வலப்பக்கம் உங்கள் பதிவு என்று திரையையே இரண்டாகப் பிரித்துவைத்தது. 1986-ல் பெங்களூரில் தொடங்கிய டாலியில் வவுச்சரை நீங்கள்தான் முதலில் எழுத வேண்டும். சரிக்கட்டும்போது ஒவ்வொரு பதிவுக்கும் எதிரே வங்கித் தேதியைப் போட வேண்டும். அறிக்கையை ஏற்றித் தானாகப் பொருத்தும் வசதி பின்னால் வந்தது.

பொருத்தும்போது இரண்டு சாட்சியும் இருக்கிறார்கள். எல்லாவற்றையும் ‘சேர்’ என்று தட்டிக்கொண்டே போனால் இருப்பது ஒரே சாட்சி. வங்கி 8,500 என்றால் உங்கள் ஏடும் 8,500 என்றே சொல்லும். பொருந்தத்தான் செய்யும், ஏனென்றால் ஒரே ஆள் எழுதியது. மார்ச் 28 காசோலை ஏப்ரலில் வங்கிக்குப் போனால், கொள்முதல் பில்லைத் தனியாகப் பதியாதவர் கணக்கில் அந்தச் செலவு அடுத்த நிதியாண்டுக்குப் போய்விடும்.

யுபிஐ வந்த பிறகு இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். டீக்கடை அறிக்கையில் ஒரு நாளுக்கே இருநூறு வரி வரலாம், எல்லாம் பத்து, பதினைந்து ரூபாய். ஒவ்வொன்றையும் யாரும் முன்கூட்டி எழுத முடியாது, எழுதவும் வேண்டாம். ராத்திரி கடை சாத்தும்போது இன்றைய விற்பனை இவ்வளவு, ரொக்கம் இவ்வளவு, யுபிஐ இவ்வளவு என்று மூன்று எண் எழுதிவைத்தால் போதும். மறுநாள் கோப்பில் யுபிஐ வரவுகளைக் கூட்டி அந்த எண்ணோடு பாருங்கள். வங்கியைக் கேட்காமல் நீங்களே எழுதிய எண் அது. அதுதான் இரண்டாவது சாட்சி.

2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த அக்கவுண்ட் அக்ரிகேட்டர் ஏற்பாட்டில் நம் சம்மதத்தோடு வங்கித் தரவு நேரடியாகவே போய்ச் சேர்கிறது. கோப்பை இறக்கி ஏற்றும் வேலையே போகப்போகக் குறையலாம். குறையட்டும், வங்கியின் வரிகளைக் கையால் நகலெடுத்து யாருக்கும் ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் காசோலை கொடுத்த அன்றே அதை எழுதிவைப்பது நகலெடுக்கும் வேலை இல்லை. அதை எந்த வங்கியும் எந்தக் கோப்பிலும் அனுப்பாது, நாம்தான் எழுதியாக வேண்டும்.