வண்ணத்தின் பெயர் தெரிகிறது, வாசித்தவர் பெயர்?

பேஸ் கித்தார் வாசிப்பவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் பேச்சு எங்கே போகும் என்று நமக்குத் தெரியும். எந்த ஆண்டு செய்த கித்தார், என்ன கம்பி போட்டிருக்கிறது, மேடைக்கு எந்த ஆம்ப், மேலே இருக்கும் வண்ணம் அசலா, பிற்பாடு அடித்த பூச்சா? மணிக்கணக்கில் பேசுவார்கள். அதில் குறை ஒன்றும் இல்லை. கருவியின் மீது பிரியம் இல்லாமல் யாரும் கலைஞராக முடியாது. ஆனால் அந்தப் பேச்சில் திரும்பத் திரும்ப வரும் ஒரு கித்தாரின் கதையை முழுதாகச் சொல்லப் போனால், அது ஒரு தொழிலாளர் நகரத்தின் கதையாகவும், பெயர் மறைக்கப்பட்ட மனிதர்களின் கதையாகவும் விரியும். அந்தக் கித்தார் 1962-இல் செய்யப்பட்ட ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ். வண்ணம் சன்பர்ஸ்ட். வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன் என்ற கறுப்பினக் கலைஞர்.

முதலில் கருவியைப் பார்ப்போம். 1950 வரை மேற்கத்திய இசைக்குழுக்களில் கீழ்ச்சுருதியைத் தாங்கியது ஆளுயர டபுள் பேஸ். பேருந்தில் ஏற்ற முடியாது; டிரம்ஸுக்கும் ஊதுகருவிகளுக்கும் நடுவே அதன் ஓசை கேட்காது. 1930-களிலேயே சியாட்டிலில் பால் டட்மார்க் மின்சார பேஸ் ஒன்றைச் செய்தார், அது பரவவில்லை. 1951-இல் கலிஃபோர்னியாவில், ரேடியோ பழுதுபார்க்கும் கடை நடத்தி வந்த லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தார். வீணையில் மெட்டு இருப்பதுபோல இதிலும் மெட்டுகள் இருந்தன. விரல் வைத்தால் சுருதி துல்லியமாக நிற்கும். துல்லியம் என்பதுதான் அந்தப் பெயரின் பொருளும். ஜாஸ் உலகில் பலர் இதைப் பொம்மை என்று ஒதுக்கியபோது, லயனல் ஹாம்ப்டன் குழுவில் இருந்த மங்க் மான்ட்கோமரி இதைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடையேறினார். புதிய கருவிக்கு மரியாதை தேடிக்கொடுத்த தொடக்ககாலக் கலைஞர்களில் அவரும் ஒரு கறுப்பினத்தவர்.

இனி வண்ணத்துக்கு வருவோம். சன்பர்ஸ்ட் என்றால் நடுவில் மஞ்சள், விளிம்பை நோக்கிப் போகப் போகச் சிவந்து, ஓரத்தில் கறுப்பு. 1960-களின் தொடக்கத்தில் ஃபெண்டரின் வழக்கமான பூச்சு இதுதான். வேறு வண்ணம் வேண்டுமென்றால் விலையில் 5 விழுக்காடு கூடுதல். அந்த வேறு வண்ணங்கள் எங்கிருந்து வந்தன? பெரும்பாலும் டூபான்ட் நிறுவனம் கார்களுக்காகச் செய்த பெயின்டிலிருந்து. இன்று சேகரிப்பாளர்கள் உருகிப் பேசும் ஃபியஸ்டா ரெட் ஃபோர்டு தண்டர்பேர்ட் காரின் சிவப்பு. லேக் பிளாசிட் புளூ காடிலாக் காரின் நீலம்.

அந்தக் கார்களின் தலைநகரம் டெட்ராய்ட். அங்கே கார்களுக்கு வண்ணம் அடித்தவர்கள் யார்? தெற்கு மாநிலங்களின் நிறவெறியிலிருந்தும் வறுமையிலிருந்தும் தப்பி வடக்கே வந்த கறுப்பின மக்களுக்கு, கார் ஆலைகளில் ஒதுக்கப்பட்டவை வெப்பமும் ஆபத்தும் மிகுந்த வேலைகள். வார்ப்பாலையும் பெயின்ட் அறையும் அவர்களுடையவை. உலோகப் புழுதியும் பெயின்ட் புகையும் அவர்கள் நுரையீரலுக்குள் போயின. நல்ல சம்பளமுள்ள நுண்தொழில் வேலைகள் வெள்ளையர் கையில் இருந்தன. பளபளக்கும் அந்தச் சிவப்புக்கும் நீலத்துக்கும் பின்னால் இந்த வேலைப் பிரிவினை இருக்கிறது. எந்த வேலை யாருக்கு என்று பிறப்பை வைத்து முடிவுசெய்வது நமக்குப் புதிய செய்தி அல்ல.

ஜேமர்சன் 1936-இல் தென் கரோலினாவின் எடிஸ்டோ தீவில் பிறந்தவர். வேலை தேடி டெட்ராய்ட் வந்த தாயின் பின்னால் 1950-களின் நடுவில் வந்து சேர்ந்தார். பள்ளியில் டபுள் பேஸ் கற்றார். இரவு விடுதிகளில் ஜாஸ் வாசித்தார். முதலில் அவர் கைக்கு வந்த மின்சார பேஸ், சக கலைஞர் ஒருவரிடமிருந்து வந்தது. கறுப்பு வண்ணம் மறுபூச்சு அடிக்கப்பட்டிருந்தது. அது திருடுபோன பிறகுதான் அந்தச் சன்பர்ஸ்ட்.

அதில் அவர் போட்டிருந்தது தடிமனான, தடவினால் வழவழக்கும் ஃப்ளாட்வவுண்ட் கம்பிகள். அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். கம்பிகள் பலகையிலிருந்து மிக உயரத்தில் நிற்கும். மற்றவர்கள் அழுத்தினால் விரல் நோகும். பாலத்தின் மூடிக்கு அடியில் ஸ்பாஞ்சு இருந்ததால் ஓசை நீளாமல் ‘தும்’ என்று அடங்கும். வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே மீட்டுவார். ஒற்றை விரலில் அந்த வேகம் எப்படி வந்தது என்று இன்றைக்கும் வாசிப்பவர்கள் வியக்கிறார்கள். விடுதி மேடையில் அவர் வைத்திருந்தது ஆம்பெக் பி-15. தலைப்பகுதியைத் திருப்பிப் பெட்டிக்குள்ளேயே கவிழ்த்துத் தூக்கிப் போகலாம். ஒலிப்பதிவு அறையில் ஆம்பும் கிடையாது, கித்தாரிலிருந்து நேரே பதிவு மேசைக்கு ஒயர் போகும்.

அந்த அறை மோடவுன் நிறுவனத்துடையது. பெர்ரி கார்டி 1959-இல் குடும்பச் சேமிப்பிலிருந்து 800 டாலர் கடன் வாங்கித் தொடங்கியது. அவர் அதற்கு முன் லிங்கன்-மெர்குரி கார் ஆலையில் அசெம்பிளி லைனில் நின்று உழைத்தவர். வெறும் இரும்புச் சட்டம் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் புதுக் காராக வெளிவருவதைப் பார்த்து, பாட்டையும் பாடகரையும் அப்படி உருவாக்கலாம் என்று நினைத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். வெஸ்ட் கிராண்ட் சாலையில் ஒரு சாதாரண வீட்டின் கார் கொட்டகைதான் ஒலிப்பதிவு அறை. நிறவெறி நாட்டில் கறுப்பினத்தவர் ஒருவர் சொந்தமாக நிறுவனம் நடத்தி, வெள்ளையர் வீட்டு வானொலிக்குள்ளும் தன் இசையைக் கொண்டுபோனது சாதாரணச் சாதனை அல்ல. அதை நாம் குறைத்துச் சொல்லப் போவதில்லை.

ஆனால் சொந்தச் சமூகத்தின் நிறுவனம் என்பதற்காகக் கேள்வி கேட்காமல் விட முடியாது. ஃபங்க் பிரதர்ஸ் என்று தங்களை அழைத்துக்கொண்ட வாத்தியக்காரர்கள் அந்தக் கொட்டகையில் பாட்டுக்குப் பாட்டு வாசித்தார்கள். ‘மை கேர்ள்’ பாட்டின் தொடக்கத்தில் கேட்கும் பேஸ் ஜேமர்சனுடையது. உலகமே முணுமுணுத்தது. இசைத்தட்டின் உறையில் பாடகர் படம் இருந்தது, நிறுவனத்தின் முத்திரை இருந்தது, வாசித்தவர்கள் பெயர் இல்லை. ஜேமர்சனின் சம்பளம் பின்னாளில் வாரம் 1,000 டாலர் வரை உயர்ந்தது என்கிறார்கள். அது நல்ல தொகைதான். ஆனால் பாட்டு விற்க விற்க வரும் ராயல்டியில் வாத்தியக்காரர்களுக்குப் பங்கில்லை. வேறு நிறுவனங்கள் தட்டிக்கொண்டு போய்விடக் கூடாது என்று அவர்களை மறைத்து வைத்ததாகவும் சொல்லப்படுகிறது. காரணம் எதுவானாலும் விளைவு ஒன்றுதான்.

மேடை மட்டும் பாதுகாப்பான இடமாக இருந்ததா? 1962 இறுதியில் மோடவுன் கலைஞர்கள் பேருந்தில் தெற்கே கச்சேரிப் பயணம் போனார்கள். பல அரங்குகளில் கறுப்பின ரசிகர்களும் வெள்ளை ரசிகர்களும் பிரித்து உட்கார வைக்கப்பட்டார்கள். பேருந்தை நோக்கித் துப்பாக்கிச் சூடு நடந்ததையும் பயணம் செய்த பாடகர்கள் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். தொடக்கத்தில் ஜேமர்சனும் ஊர் ஊராகப் போனவர். பிறகு நிறுவனம் அவரை ஒலிப்பதிவு அறையிலேயே இருத்திக்கொண்டது. அவர் உருவாக்கிய இசையை மேடைகளில் வேறு பேஸ் கலைஞர்கள் வாசித்தார்கள். கைதட்டல் அங்கே விழுந்தது.

பெயர் வெளியே வர 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு மார்வின் கே வெளியிட்ட ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ தொகுப்பின் உறையில்தான் மோடவுன் வாத்தியக்காரர்களின் பெயர்கள் முறையாக அச்சாயின. ஜேமர்சன் பெயருக்கு முன்னால் ஒரு பாராட்டுச் சொல்லும் இருந்தது. அடுத்த ஆண்டே நிறுவனம் லாஸ் ஏஞ்சலிஸுக்கு இடம் மாறியது. டெட்ராய்ட் வாத்தியக்காரர்கள் கைவிடப்பட்டார்கள். ஜேமர்சன் பின்தொடர்ந்து போனார். புதிய ஊரில் புதிய ஓசை கேட்டார்கள். வேலை குறைந்தது, குடி கூடியது.

1983 மார்ச்சில் மோடவுனின் 25-ஆம் ஆண்டு விழா தொலைக்காட்சிக்காகப் படமாக்கப்பட்டது. ஜேமர்சனுக்கு அழைப்பில்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 2-ஆம் தேதி, 47 வயதில் இறந்தார். இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் அந்தச் சன்பர்ஸ்ட் கித்தார் வீட்டிலிருந்து திருடப்பட்டிருந்தது. இதுவரை கிடைக்கவில்லை.

அங்கீகாரம் பிறகு வந்தது. 1989-இல் ஆலன் ஸ்லட்ஸ்கி எழுதிய புத்தகம், 2000-இல் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் இடம், 2002-இல் ஃபங்க் பிரதர்ஸ் பற்றிய ஆவணப்படம். பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி அவரைத் தன் ஆதர்சம் என்றார். எல்லாம் அவர் போன பிறகு.

இன்று அவர் போட்ட தடிமனில் கம்பிகள் அவர் பெயரிலேயே விற்பனைக்கு வருகின்றன. ஃபெண்டர் 1990-களின் நடுவிலிருந்து இன்னொரு பொருளையும் விற்கிறது: தொழிற்சாலையிலேயே வண்ணம் உரித்து, கீறல் போட்டு, முப்பது ஆண்டு வாசித்ததுபோல் பழசாக்கிய கித்தார். புதுசைவிட விலை அதிகம். முழங்கை உரசி வண்ணம் போவது உண்மையில் ஒரு கலைஞனின் வேலை நேரக் கணக்கு. இரவு விடுதியிலும் கொட்டகையிலும் அவன் நின்ற மணிநேரங்கள் மரத்தில் எழுதிய கணக்கு. அந்தத் தேய்மானம் கடையில் அலங்காரமாக விலைக்குக் கிடைக்கிறது.

ஆகவே கருவியைப் பற்றிப் பேசுவோம், நன்றாகவே பேசுவோம். எந்த வண்ணம் எந்தக் காருடையது என்று சொல்லத் தெரிந்தவர், அந்த வண்ணத்தை ஆலையில் அடித்தவர்கள் யார் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். எந்தக் கம்பி என்று கேட்பவர், எந்த விரல் என்றும் கேட்கட்டும். ஒரு பாட்டைப் பகிரும்போது பாடியவர் பெயரோடு பேஸ் வாசித்தவர் பெயரையும் தேடி எழுதுவோம். அதற்குக் கூடுதலாக 5 விழுக்காடு எதுவும் கேட்க மாட்டார்கள்.