நுரையீரல் புற்றுநோயில் இயக்கிப் பிறழ்வுகளின் விகிதம்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

நுரையீரல் புற்றுநோயாளருள் எத்தனை பேரின் கட்டியில் மருந்துக்கு இலக்காகத்தக்க மரபணுப் பிறழ்வு உள்ளது என்னும் வினாவுக்கு, ‘எந்நாட்டு நோயாளர்?’ என்று கேளாமல் இன்று விடை கூற இயலாது. 2004 வரை இவ்வினாவுக்கு மருத்துவமனையில் இடமே இருக்கவில்லை. நுண்ணோக்கியில் தெரியும் உயிரணு சிறியதா, அன்றா என்னும் பாகுபாடே பெரும்பாலும் சிகிச்சையைத் தீர்மானித்தது. அந்நிலை மாறியதற்கு ஒரு மருந்தின் புரியாத தோல்வியே வழிவகுத்தது.

இயக்கியும் பயணியும்

ஒரு கட்டியில் காணப்படும் பிறழ்வுகள் யாவும் நோயை வளர்ப்பவை அல்ல. பெரும்பாலானவை உடன்செல்லும் பயணிகள். உயிரணுவை ஓயாது பிளவுறச் செய்யும் மிகச் சிலவே இயக்கிகள். கே-ராஸ் என்னும் இயக்கியை 1987-இல் நெதர்லாந்து ஆய்வாளர், அடினோகார்சினோமா எனப்படும் சுரப்பித்திசுப் புற்றுக் கட்டிகள் பத்தில் ஐந்தில் கண்டனர். ஆயினும் அதனைத் தடுக்கும் மருந்து அன்று இல்லை. எனவே அக்கணக்கு நோயாளருக்குப் பயன்படவில்லை.

ஜெஃபிட்டினிப்

இ.ஜி.எஃப்.ஆர். எனப்படும் வளர்ச்சிக் காரணி ஏற்பியைத் தடுக்கும் ஜெஃபிட்டினிப் மாத்திரைக்கு ஜப்பான் 2002 ஜூலையில் உலகில் முதலாவதாக ஒப்புதல் அளித்தது. அமெரிக்கா 2003 மே மாதத்தில் அதனைப் பின்பற்றியது. அங்கு அடிப்படையாக அமைந்த ஆய்வில் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துப் பேரின் கட்டியே சுருங்கியிருந்தது. முந்தைய பன்னாட்டு ஆய்வொன்றில் ஜப்பானியருள் 27.5 விழுக்காட்டினரும் பிறருள் 10.4 விழுக்காட்டினரும் பயன்பெற்றிருந்தனர். இவ்வேறுபாட்டின் காரணம் விளங்கவில்லை. வேதிச் சிகிச்சையுடன் இம்மருந்தைச் சேர்த்து, ஈராயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்திய இரு பெரும் ஆய்வுகளும் பயனின்றி முடிந்தன.

விடை 2004-இல் பாஸ்டன் நகரின் இரு குழுக்களிடமிருந்து வந்தது. மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக் குழுவினர், மருந்தால் பயன்பெற்ற ஒன்பதின்மருள் எண்மரின் கட்டியில் இ.ஜி.எஃப்.ஆர். பிறழ்வைக் கண்டனர், பயன்பெறாத எழுவருள் ஒருவரிடமும் அது இல்லை. டானா-ஃபார்பர் நிறுவனக் குழுவினர் ஜப்பானிலிருந்து பெற்ற 58 கட்டிகளுள் 15-இலும், அமெரிக்காவிலிருந்து பெற்ற 61 கட்டிகளுள் ஒன்றில் மட்டுமே பிறழ்வைக் கண்டனர். அதுவரை சராசரி என்று வெளியிடப்பட்ட எண், உண்மையில் இருவேறு நோய்களின் கலவையாக இருந்தது.

தோற்றத்தைக் கொண்டு கணித்தல்

கண்டுபிடிப்பு உடனடியாக நடைமுறையாகவில்லை. 1,692 நோயாளரைக் கொண்ட ஐசெல் ஆய்வு, பிறழ்வைப் பாராது அனைவரையும் சேர்த்து நடத்தப்பட்டமையால், ஆயுள் நீட்டிப்பை ஐயமற நிறுவ இயலவில்லை. 2005 ஜூனில் அமெரிக்கா இம்மருந்தின் பயன்பாட்டைக் குறுக்கியது. திசுச் சோதனை அரிதாயிருந்த அக்காலத்தில் ‘ஆசியர், பெண், புகைக்காதவர்’ என்னும் புறக்குறிகளே பிறழ்வுக்குப் பதிலியாயின.

அப்பதிலியின் ஆபத்தை 2009-இல் வெளியான ஐபாஸ் ஆய்வு காட்டியது. கிழக்காசியாவில், புகைக்காத அல்லது முன்னர்ச் சிறிதளவே புகைத்த 1,217 அடினோகார்சினோமா நோயாளர் அதில் பங்கேற்றனர். சோதனை முடிவு கிடைத்த 437 பேருள் 261 பேரிடம் பிறழ்வு இருந்தது. புறக்குறிகள் யாவும் பொருந்தியும் ஐவருள் இருவரிடம் அது இல்லை. அத்தகையோருள் ஜெஃபிட்டினிப் பெற்றவர்களில் 1.1 விழுக்காட்டினரின் கட்டியே சுருங்கியது. வேதிச் சிகிச்சை பெற்றவர்களில் இது 23.5 விழுக்காடு. தோற்றத்தை நம்பி மாத்திரை கொடுத்திருப்பின், அவர்கள் பயன்தரும் சிகிச்சைக்குரிய காலத்தை இழந்திருப்பர்.

‘ஆசியர்’ என்னும் சொல்லும் கணக்கிடத் தகுந்த அலகன்று. ஏழு ஆசியப் பகுதிகளில் நடத்தப்பட்டு 2014-இல் வெளியான பயனியர் ஆய்வில் அடினோகார்சினோமா நோயாளருள் 51.4 விழுக்காட்டினரிடம் இ.ஜி.எஃப்.ஆர். பிறழ்வு இருந்தது. ஆனால் வியட்நாமில் அது 64.2, இந்தியாவில் 22.2. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் 907 நோயாளர் பற்றிய ஆய்வும் 23 விழுக்காடு என்றே கூறியது.

பிற இயக்கிகள்

2007-இல் ஜப்பானின் ஹிரோயுகி மானோ குழுவினர் ஏ.எல்.கே. மரபணு இணைவை 75 நோயாளருள் ஐவரிடம் கண்டனர். அமெரிக்காவின் 14 மையங்கள் இணைந்து நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பத்து மரபணுக்களுக்கும் சோதிக்கப்பட்ட 733 அடினோகார்சினோமா நோயாளருள் 466 பேரிடம் ஏதேனும் ஓர் இயக்கி இருந்தது. அஃதாவது 64 விழுக்காடு. இவ்வெண் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. ஆனால் ஆய்வில் சேர்ந்த அனைவருக்கும் பத்துச் சோதனைகளும் நிறைவேறவில்லை. முழுமையாகச் சோதிக்கப்பட்டோரைப் பற்றியதே அது. நுரையீரல் புற்றுநோயாளர் அனைவருக்கும் அதனைப் பொதுமையாக்குதல் பொருந்தாது.

2015 ஜூலையில் ஜெஃபிட்டினிப் அமெரிக்காவில் மீண்டும் ஒப்புதல் பெற்றது, பிறழ்வு உறுதிசெய்யப்பட்டோருக்கு மட்டும். மேற்கண்ட 14 மைய ஆய்வில் 25 விழுக்காட்டுடன் முதலிடம் பெற்ற கே-ராஸுக்கான முதல் மருந்து சோட்டோராசிப் 2021 மே மாதத்தில்தான் அங்கு ஒப்புதல் பெற்றது. அதுவும் கே-ராஸ் பிறழ்வுகள் அனைத்துக்கும் அன்று. ஜி12சி என்னும் ஒரு வகைக்கு மட்டுமே.