கை மாறி வந்த அம்மைப்பால்

1802 ஜூன் 14. பம்பாயில் அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுக் குழந்தையின் கையில் லேசாகக் கீறி, துளி அம்மைப்பாலை, அதாவது பசு அம்மைக் கொப்புளத்தின் நீரை, தடவினார்கள். அதே பாலைப் பலருக்கும் வைத்துப் பார்த்தும் அன்னாவின் கையில் மட்டுமே அது பிடித்தது. எட்டாம் நாள் கீறிய இடத்தில் கொப்புளம் தெளிந்த நீரோடு திரண்டு நின்றது. அந்த நீரை எடுத்து வேறு ஐந்து குழந்தைகளுக்குக் குத்தினார்கள். இந்தியாவில் அம்மை குத்துவது வேர்பிடித்தது இப்படித்தான்.

பசுவுக்கு வரும் அம்மையை மனிதருக்குக் குத்தினால் பெரியம்மை அண்டாது என்று இங்கிலாந்தில் எட்வர்ட் ஜென்னர் 1796-லேயே எட்டு வயது ஜேம்ஸ் ஃபிப்ஸிடம் சோதித்துக் காட்டிவிட்டார். ஆனால் அந்தப் பாலை இந்தியாவுக்குக் கொண்டுவருவது பெரும்பாடாக இருந்தது. நூலில் தோய்த்து உலர்த்தி அனுப்பினால், மாதக்கணக்கான கடல் பயணத்தின் வெக்கையில் வீரியம் போய்விடும். கடைசியில் வியன்னாவிலிருந்து ழான் தெ கார்ரோ என்ற மருத்துவர் அனுப்பிய பால் பாக்தாத் வரை கெடாமல் வந்தது. அங்கிருந்து பாஸ்ரா, பாஸ்ராவிலிருந்து கப்பலில் பம்பாய்.

அதற்குப் பிறகு மனிதக் கைகளே பாத்திரம். ஒரு குழந்தையின் கொப்புளம் காய்வதற்குள் இன்னொரு குழந்தைக்குக் குத்தியாக வேண்டும். வாரத்துக்கு ஒரு கையாவது கிடைக்காவிட்டால் சங்கிலி அறுந்துபோகும். அந்த ஆண்டு முடிவதற்குள் பால் சென்னைக்கு வந்தது. சென்னையிலிருந்து கல்கத்தாவுக்குக் கப்பலேறிய சிறுவர்களின் கைகளில் நவம்பரில் அங்கேயும் போய்ச் சேர்ந்தது. ஜென்னருக்குச் சிலைகள் இருக்கின்றன. கை கொடுத்த இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோரின் பெயர்கூட நமக்கு மிஞ்சவில்லை.

தமிழ்நாட்டில் அன்று பெரியம்மை வெறும் நோயல்ல. 'அம்மா வந்திருக்கிறாள்' என்றுதான் சொல்வார்கள். வாசலில் வேப்பிலைக் கொத்து செருகப்படும். அடுப்படியில் தாளிப்பு நின்றுவிடும். உடம்பில் எழுந்த கொப்புளங்களுக்கு முத்து என்று பெயர். முத்து இறங்கியபின் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை வெளியாள் யாரும் உள்ளே வரக்கூடாது. அப்படிப்பட்ட ஊருக்குள் அம்மை குத்துகிறவர் கத்தியோடு நுழைந்தால் என்ன நடக்கும்? தாய்மார்கள் பிள்ளைகளை ஒளித்துவைத்தார்கள். குத்த விட்டவர்கள்கூட, அடுத்த வாரம் அந்தக் கையிலிருந்து நீர் எடுக்க வந்தபோது மறுத்தார்கள். யார் வீட்டுப் பிள்ளையின் நீர் யார் உடம்பில் ஏறுவது என்ற சாதிக் கேள்வியும் எழுந்தது.

இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது நியாயமில்லை. குத்திய கை வீங்கும், காய்ச்சல் அடிக்கும். கைக்குக் கை மாற்றும்போது மேகநோய் போன்ற வேறு நோய்களும் தொற்றிக்கொள்ளும் ஆபத்து உண்மையிலேயே இருந்தது.

மக்களை அவர்கள் மொழியிலேயே இணங்கவைக்க நினைத்தவர்களும் உண்டு. சென்னையின் கலெக்டராக இருந்தவரும் திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்தவருமான எல்லிஸ், அம்மைப்பாலைப் பசு தரும் கொடையாகச் சித்திரித்துத் தமிழில் ஒரு புனைகதையே எழுதினார்.

உண்மையான மாற்றம் கன்றுக்குட்டியிடமிருந்து வந்தது. 1899-ல் நிறுவப்பட்ட கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் கன்றின் வயிற்று மயிரைச் சிரைத்து, தோலில் கீறி அம்மை ஏற்றி, சில நாளில் எழும் கொப்புளங்களைச் சுரண்டிப் பால் தயாரித்தார்கள். குழந்தையின் கையை இனி யாரும் கேட்க வேண்டியதில்லை. பின்னாளில் அங்கேயே உறைய வைத்து உலர்த்திய மருந்தும் தயாரானது. வெயிலுக்கு அது கெடவில்லை. 1802-க்கு முன் கப்பல்களைத் தோற்கடித்த வெக்கைக்கு விடை கிடைக்க ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. கத்தி போய், நுனி பிளந்த இருமுனை ஊசி வந்தது. பதினைந்து குத்து, ஒரே இடத்தில். இந்தியாவின் கடைசிப் பெரியம்மை நோயாளி 1975 மே மாதம் கண்டறியப்பட்டார். 1980 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் பெரியம்மை ஒழிந்ததாக அறிவித்தது.

வீட்டில் எழுபது வயதைத் தாண்டியவர்கள் இருந்தால் அவர்கள் கையைப் பாருங்கள். வட்டமாக, குழிந்த தழும்பு இருக்கும். குத்திய நாளைப் பற்றிக் கேளுங்கள். பலருக்கு இன்னும் நினைவிருக்கும்.

அம்மை என்ற பெயரில் தட்டம்மை இன்னும் நம்மிடையே இருக்கிறது. மணல்வாரி என்று சாதாரணமாகச் சொன்னாலும் நிமோனியாவில் தள்ளி உயிரைப் பறிக்கக்கூடியது. அதற்கான தடுப்பூசி அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். ஒன்பது மாதம் முடிந்ததும் முதல் ஊசி, பதினாறிலிருந்து இருபத்துநான்கு மாதத்துக்குள் இரண்டாவது. உங்கள் பிள்ளையின் அட்டையை எடுத்து, இரண்டும் போட்டாகிவிட்டதா என்று இன்றே பாருங்கள்.