மானிப்பாய் வைத்தியசாலையும் மருத்துவத் தமிழும்

யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு வடமேற்கே சில மைல் தொலைவில் உள்ளது மானிப்பாய். அவ்வூரின் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலையை வடபகுதி நேயர்களுட் பலர் அறிவர். ஆயினும், அப்பெயருக்கு உரியவர் யார், அவ்வைத்தியசாலை எவ்வாறு தோன்றிற்று என்பவற்றை அறிந்தோர் மிகச் சிலரே. அதன் வரலாற்றினுள்ளே, நோயாளி பேசும் மொழியிலேயே வைத்தியனும் கல்வி பெறல் கூடுமா என்னும் பெரியதொரு வினா அடங்கியிருக்கின்றது.

அமெரிக்க மிசனரிமார் 1816 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்திற் பணி தொடங்கினர். அக்காலத்து மக்கள் பிணியுற்றபோது பரம்பரைப் பரியாரிமாரையே நாடினர். செகராசசேகரம், பரராசசேகரம் முதலிய வைத்திய நூல்கள் யாழ்ப்பாண மன்னர் காலத்திலேயே இங்கு எழுந்தவை. எனவே, மருத்துவம் இம்மண்ணுக்குப் புதியதன்று. அதனைத் தமிழில் எழுதுவதும் புதியதன்று. மேனாட்டு வைத்தியமுறையே புதிதாக வந்தது. 1819 இல் வந்த ஜோன் ஸ்கடர் என்னும் வைத்தியர் பண்டத்தரிப்பிலே தங்கி நோயாளரைக் கவனித்தார். 1836 இல் அவர் சென்னைக்குச் சென்றுவிட்டார். 1833 இல் வந்த நேதன் வார்ட் வட்டுக்கோட்டையிற் பணியாற்றினார்.

இவர்களின் வழியில் வந்தவரே சாமுவேல் பிஸ்க் கிறீன். அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாகாணத்தில் 1822 இற் பிறந்த இவர், 1847 இலே தமது இருபத்தைந்தாம் வயதில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். முதலில் வட்டுக்கோட்டையிற் பணி தொடங்கிய இவர், மறு ஆண்டிலேயே மானிப்பாய்க்கு மாறினார். அங்கே ஒரு மருந்துச்சாலையை நடத்தியதோடு, உள்ளூர் இளைஞர் சிலரைச் சேர்த்து வைத்தியம் பயிற்றவும் தொடங்கினார். கொழும்பில் அரசாங்க வைத்தியக் கல்லூரி 1870 இலேதான் தொடங்கிற்று. அதற்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே மானிப்பாயில் மேனாட்டு வைத்தியம் முறைப்படி கற்பிக்கப்பட்டது என்பது கருதத்தக்கது.

தொடக்கத்தில் அக்கல்வி ஆங்கிலத்திலேயே நடைபெற்றது. 1823 இல் நிறுவப்பட்ட வட்டுக்கோட்டைச் செமினரியின் கல்வியால் ஆங்கிலம் அறிந்த இளைஞர் அப்பகுதியில் இருந்தனர். ஆனால், ஆங்கிலத்தில் வைத்தியம் கற்றவரை அரசாங்க உத்தியோகமும் பட்டினமும் ஈர்த்தன. கிராமத்து நோயாளியோ முன்போலவே துணையின்றி இருந்தான். இதனைக் கண்ட கிறீன், ஊரிலே பிறந்து, ஊரார் மொழியிற் கற்று, ஊரிலேயே வாழும் வைத்தியரே வேண்டும் என்னும் முடிவுக்கு வந்தார். அவர்கள் மேனாட்டு உடைக்கு மாறாமல், தம்மவர் உடையிலும் வழக்கத்திலும் நிலைத்திருக்க வேண்டும் என்றும் விரும்பினார்.

பத்தாண்டுப் பணிக்குப் பின் தாயகம் சென்ற கிறீன், 1862 இல் மீண்டு வந்தார். 1864 இல் வைத்தியக் கல்வி தமிழுக்கு மாற்றப்பட்டது. ஆங்கிலம் உத்தியோகத்துக்கு வாயிலாக இருந்த காலத்தில் இது எளிய முடிவன்று. தம் மகனை எவ்வளவோ சிரமப்பட்டுப் படிக்கவைத்த தந்தைக்கு, தமிழிற் கற்ற வைத்தியத்தால் என்ன பதவி கிடைக்கும் என்ற கவலை எழுவது இயல்பே.

கற்பிக்க நூல்கள் வேண்டும். நூல்களுக்குக் கலைச்சொற்கள் வேண்டும். இதற்குக் கிறீன் ஓர் ஒழுங்கு வகுத்தார். பொருத்தமான சொல் தமிழில் உண்டாயின் அதனையே கொள்வது. இல்லையாயின் வடமொழியில் தேடுவது. அங்கும் கிடையாதாயின் ஆங்கிலச் சொல்லைத் தமிழொலிக்கு ஏற்ப எழுதிக்கொள்வது. அவ்வாறு உடற்கூற்றுக்கு அங்காதிபாதம் என்றும், சத்திரசிகிச்சைக்கு இரணவைத்தியம் என்றும், இரசாயனத்துக்குக் கெமிஸ்தம் என்றும் பெயர்கள் வழங்கின. டான்போர்த், சாப்மன் முதலிய அமெரிக்கப் பெயர்களைத் தாங்கிய தமிழ் மாணாக்கர் இப்பணியில் அவருக்குத் துணைநின்றனர். மகப்பேறு பற்றிய பிரசவ வைத்தியம் 1857 இலேயே வெளிவந்திருந்தது. இரணவைத்தியம் 1867 இலும், மனுஷ அங்காதிபாதம் 1872 இலும், கெமிஸ்தம் 1875 இலும் தொடர்ந்தன. மனுஷ அங்காதிபாதத்துக்கு மூலமாகிய கிறே என்பாரின் நூல் இலண்டனில் முதன்முதல் வெளிவந்தது 1858 இல். பதினான்கு ஆண்டுகளுள் அது தமிழில் வந்துவிட்டது!

உடல்நலங் குன்றிய கிறீன் 1873 இல் நாடு திரும்பினார். பணி அத்துடன் நிற்கவில்லை. அமெரிக்காவிலிருந்தபடியே கையெழுத்துப் பிரதிகளைத் திருத்தி வந்தார். உடற்றொழிலை விளக்கும் மனுஷ சுகரணம் 1883 இல் வெளிவந்தது. மறு ஆண்டு அவர் காலமானார். அவரிடம் வைத்தியம் பயின்றோர் அறுபதின்மருக்கு மேற்பட்டவர். அவருட் பாதிக்கு மேற்பட்டோர் தமிழிலே கற்றவர். தமிழருக்கு வைத்திய ஊழியஞ் செய்தவர் என்னும் கருத்தமைந்த வாசகம் அவருடைய கல்லறையிற் பொறிக்கப்பட்டுள்ளது.

அவருக்குப் பின்னும் வைத்தியப் பணி வளர்ந்தது. 1893 இல் ஸ்கொட் தம்பதியர் மானிப்பாய்க்கு வந்து அதனைத் தொடர்ந்தனர். 1898 இல் பெண்களுக்கென இணுவிலில் மக்லியொட் வைத்தியசாலை எழுந்தது. அமெரிக்க மிசனின் பணிகள் 1947 இல் தென்னிந்திய திருச்சபையின் யாழ்ப்பாண அத்தியட்சாதீனத்தோடு இணைந்தன. பிற்காலத்துப் போர் மானிப்பாய் வைத்தியசாலையைப் பெரிதும் தளரச்செய்தது. 2009 இல் போர் முடிந்தபின் அதனை மீட்டெடுக்கும் முயற்சிகள் மேற்கொள்ளப்பட்டன.

வைத்தியசாலை நிலைத்தது, தமிழ்வழி வைத்தியக் கல்வி நிலைக்கவில்லை. 1978 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் தொடங்கியபோது அங்கு போதனாமொழி ஆங்கிலமாகவே இருந்தது. இதற்கு உத்தியோக ஆசை ஒன்றையே காரணமாகக் கூறல் பொருந்தாது. வைத்திய நூல் ஒருமுறை பெயர்த்து முடிக்கும் நூலன்று. மருத்துவம் வளருந்தோறும் அதனைப் புதுக்குதல் வேண்டும். நாலாயிரம் பக்கங்களுக்கு மேல் ஒரு மனிதரும் சில மாணாக்கரும் பெயர்த்துவிடலாம். தலைமுறை தலைமுறையாகப் புதுக்குவதற்கோ, அரசும் கல்லூரியும் அச்சகமும் பின்னின்று தாங்கவேண்டும். கிறீனுக்குப் பின் அவ்வாறு தாங்குவோர் இலராயினர்.

கவிஞர் அம்பி 1967 இல் கிறீனைப் பற்றி எழுதிய நூல் அவர்தம் பணியை மீண்டும் நினைவூட்டிற்று. தமிழில் மருத்துவம் கற்பித்தல் இயலுமா என்று வினவுவோருக்கு, அது ஒரு காலத்தில் மானிப்பாயில் இயன்றது என்பதே விடை. வைத்தியசாலைக்கு வரும் மூதாட்டி தன் நோவைத் தமிழிலேதான் சொல்கின்றாள். அவளுக்கு விளங்கும் சொல்லில் மறுமொழி கூறும் கடமை, எம்மொழியிற் கற்ற வைத்தியருக்கும் உண்டு. கிறீன் தேடித் தொகுத்த சொற்களின் பயனும் அதுவே.